ஹத்பாவுக்குப் புதுக் கூரை

பிதியா
3 அக்டோபர் 2021

அன்பு நண்பன் கல்ஃபானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் உம்மா நலம், முழங்கால் வலி ஒன்றைத் தவிர. வழக்கம்போல வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன். எனக்குக் காபி ஊற்றிக்கொண்டே உன்னைத் திட்டினார்கள். ஐந்து பெருநாளாக நீ ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லையாம். உனக்காக நானும் சேர்த்துத் திட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

உன் கம்பெனியின் புது வண்டியைப் பற்றி ஃபோனில் பேசாதே, அலுவலகத்தில் கேட்பார்கள் என்று நீ சொன்னதால் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டபிறகு நான் இவ்வளவு எழுதியதில்லை.

செவ்வாய்க்கிழமை புது ஹத்பா வண்டியின் படத்தை வெளியிட்டார்கள். மர்ஹூனின் டயர் கடையில் நம் ஹத்பா மன்றத்தார் பதினெட்டுப் பேர் ஒரே ஃபோனைச் சுற்றி நின்றோம். முதலில் வாயைத் திறந்தவன் நம் சுவைத்: "இது ஹத்பா இல்லடா. ஹத்பாவோட மாமியார். நகையெல்லாம் மாட்டிக்கிட்டு கல்யாணத்துக்கு வந்து நிக்குறா."

திமிலை எடுத்துவிட்டார்களே, கல்ஃபான். பானெட்டில் அந்தத் திமில் இருந்ததால்தானே நம் வாப்பாமார் அவளுக்கு ஹத்பா என்று, கூன் விழுந்தவள் என்று, பேர் வைத்தார்கள்? முகத்தைச் சப்பையாக்கி, உள்ளே டிவிப் பெட்டி மாதிரி ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். கிளட்ச் கிடையாது. "இனிமே இடது காலை வீட்டுலயே கழட்டி வெச்சிட்டு வரலாம்" என்றான் மர்ஹூன். கடையே சிரித்தது. என் தம்பி ஸாஹிரும் அங்கே சக்கர நாற்காலியில் இருந்தான். அவனும் சிரித்தான்.

இதையெல்லாம்கூட மன்னிப்பேன். கூரையைத் தாங்கும் அந்தத் தூண்களை மட்டும் மன்னிக்க மாட்டேன். ஒவ்வொன்றும் ஒட்டகத் தொடை கனம். மணல்மேட்டின் உச்சிக்கு ஏறும்போது அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? மணலை ஒரு நாளும் மிதிக்காதவன் வரைந்தது அது.

மர்ஹூன் கடை வாசலில் மூன்று நாள் துக்கக் காபி வைத்தான். இப்ராவிலிருந்தும் சூரிலிருந்தும் ஆட்கள் வந்து உட்கார்ந்து, பேரீச்சம்பழம் தின்று, "இறைவன் பொறுமையைத் தரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதி விளையாட்டு, பாதி நிஜம். மூன்றாம் நாள் ஒரு கிழவர் உண்மையாகவே அழுதுவிட்டார்.

நீ அந்தக் கம்பெனிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாய். அந்தத் தூணை வரைந்தவன் பேரை மட்டும் எனக்கு எழுது.

உன்
அஸ்ஸான்


போர்ட்டோ
19 அக்டோபர் 2021

அன்புள்ள அஸ்ஸான்,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தைப் பேருந்திலேயே படித்துவிட்டேன். சுவைத் சொன்ன மாமியார் விஷயத்துக்குச் சத்தமாகச் சிரித்து, பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். உம்மாவைப் பார்த்துக்கொள்வதற்கு உனக்கு எப்படி நன்றி சொல்வது? நான் செய்ய வேண்டியதை எல்லாம் நீ செய்துகொண்டிருக்கிறாய்.

இங்கே பத்து நாளாக மழை. துணி காயவில்லை. ஈர வாடையோடு வேலைக்குப் போகிறேன்.

திமிலுக்காக நானும் வாதாடினேன். காற்றை வெட்டிப் போக அது தடை என்றார்கள். கிளட்சுக்கும் வாதாடினேன். உலகம் முழுக்கக் கிளட்ச் கேட்பவர்கள் எத்தனை பேர் என்று ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். நம் ஊர் அதில் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியவில்லை. தூண்களைப் பற்றி இன்னொரு முறை எழுதுகிறேன்.

ஸாஹிரைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறாய். அவனும் சிரித்தான் என்று. முதுகில் இருந்த புண் ஆறிவிட்டதா? கோடையில் மறுபடி மருத்துவமனையில் சேர்த்ததாக உம்மா சொன்னார்கள். நீ சொல்லவில்லையே. அவன் ஃபோன் எண் மாறிவிட்டதா, எடுப்பதில்லை. நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
கல்ஃபான்


பிதியா
6 நவம்பர் 2021

கல்ஃபான்,

ஸலாம். நான் பேர் கேட்டேன், நீ மழையைப் பற்றி எழுதியிருக்கிறாய். இருக்கட்டும்.

புண் ஆறிவிட்டது. ஸாஹிர் நன்றாக இருக்கிறான். அவன் ஃபோன் என்னிடம்தான் இருக்கிறது. கண்டவனும் கூப்பிட்டுப் பரிதாபப்படுவது அவனுக்குப் பிடிப்பதில்லை.

செய்தி இதுதான். டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை, மஸ்கட் ஷோரூமில் புதியதை வெளியிடுகிறார்கள். தொழுகை முடிந்ததும் நாங்கள் போகிறோம். இருநூற்று அறுபது ஹத்பா, எல்லாம் பழசு. ஷோரூமைச் சுற்றி நிறுத்தி, ஒரே நேரத்தில் ஹாரன் அடிக்கப் போகிறோம். சூரிலிருந்து மட்டும் நாற்பது வண்டி வருகிறது. மன்றத் தலைவன் என்று என் பேரை எல்லாப் பத்திரிகைக்கும் கொடுத்தாயிற்று.

முதல் வண்டி என்னுடையது. பக்கத்து இருக்கையில் ஸாஹிர். அங்கே போனதும் மைக்கை அவன் கையில் கொடுப்பேன். முதலில் மாட்டேன் என்றான். "என்னை எதுக்குண்ணே பொம்மை மாதிரி முன்னாடி உக்கார வெக்கிற?" என்று கேட்டான். நான் விளக்கிச் சொன்னேன். ஹத்பா கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே செத்துப்போனவனே வந்து, "தப்பு வண்டி மேல இல்ல, ஓட்டின என் மேலதான், எனக்குப் பழைய ஹத்பாவே வேணும்" என்று சொன்னால், அவர்கள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? நாலு வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மனப்பாடம் செய்கிறான்.

இன்னொன்று. அந்தத் தூணை வரைந்தவன் ஒரு அரபிதான் என்று இணையத்தில் எவனோ எழுதியிருக்கிறான். உண்மையா? உண்மையென்றால் அவன் முகத்தில் துப்ப ஒரு வரிசையே காத்திருக்கிறது.

அஸ்ஸான்


போர்ட்டோ
21 நவம்பர் 2021

அன்புள்ள அஸ்ஸான்,

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். இதை அப்படியே அனுப்பிவிடுகிறேன்.

அந்தத் தூண்களை நான்தான் வரைந்தேன்.

கம்பெனி கேட்டு வரையவில்லை. பழைய கூரையே போதும், சட்டப்படி சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். இரண்டரை வருடம் ஒவ்வொரு கூட்டத்திலும் நான் ஒருவனாகக் கத்தினேன். எனக்குக் கூரைக்காரன் என்று பட்டப்பேரே வைத்தார்கள். அந்தத் தூண் பார்வையை மறைக்கும் என்று எனக்குத் தெரியாதா? உன்னோடு பதினைந்து வருடம் மணலில் சுற்றியவன் நான். ஆனால் கண்ணை மூடினால் எனக்கு மணல்மேடு தெரிவதில்லை. வலது பக்கத்துக் கூரை அட்டைப்பெட்டி மாதிரி மடங்கி ஸாஹிரின் முதுகில் உட்கார்ந்ததுதான் தெரிகிறது. பின்னிருக்கையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அதைப் பார்த்தவன் நான்.

வலது பக்கம், அஸ்ஸான். நம் ஊர் வண்டியில் ஸ்டியரிங் இல்லாத பக்கம்.

அன்று நீ மணல்மேட்டின் உச்சியில் வண்டியைக் குறுக்கே திருப்பினாய். "வேணாம்ணே, வேணாம்ணே" என்று அவன் கத்தினான். அவனை வெளியே இழுத்து மணலில் படுக்க வைத்தோம். போலீஸ் வருவதற்குள் நீ என்னிடம் சொன்னாய்: "என் லைசென்ஸ் போச்சுன்னா சுற்றுலாக்காரங்களை யார் கூட்டிட்டுப் போறது? வீடே அதுலதான் ஓடுது. அவன் ஓட்டினான்னு சொல்லிடுவோம். தம்பிதானே, புரிஞ்சிக்குவான்." நானும் தலையாட்டினேன். விழித்த பிறகு ஸாஹிரும் தலையாட்டினான். அன்றைக்கு அவனால் ஆட்ட முடிந்தது அது ஒன்றைத்தான்.

உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. நான் ஊருக்கு வராததற்குக் காரணம் வேலை இல்லை. அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

பொய்யைச் சுமக்கிறான், சரி. அதை மைக்கில் சொல்ல வைக்காதே. இருநூற்று அறுபது வண்டிக்காரர்கள் முன்னால், தன் தப்பு என்று அவன் வாயால் சொல்ல வைக்காதே. என்னைத் துரோகி என்று ஊர்வலம் போ, என் படத்தைக் கொளுத்து, பரவாயில்லை. அவனை வீட்டில் விட்டுவிட்டுப் போ.

கல்ஃபான்


பிதியா
4 டிசம்பர் 2021

கல்ஃபானுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

நீ போலீஸ்காரனுக்குச் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. "ஆமாங்க, தம்பிதான் ஓட்டினான்." யாரும் உன் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அப்புறம் வெளிநாட்டில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து தூண் வரைந்தால் பாவம் கழுவிப்போகுமா? இங்கே ஆறு வருடமாக அவனைத் தூக்கிக் குளிப்பாட்டுவது யார்? புரட்டிப் போடுவது யார்? நீயா?

உன் பேரை மன்றத்தில் சொல்லிவிட்டேன். சுவரில் இருந்த பழைய படத்திலிருந்து உன்னை மர்ஹூன் கத்தரித்து எடுத்துவிட்டான். இனி வியாழக்கிழமைகளில் உன் உம்மா வேறு யாருக்காவது காபி ஊற்றட்டும்.

ஸாஹிர் வருவான். பேசுவான்.

அஸ்ஸான்


பிதியா
23 ஜனவரி 2022

கல்ஃபான்,

உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அன்று சொன்னபடி இருநூற்று அறுபது வண்டியும் வந்தன. இன்னும் கூடவே வந்தன. எல்லா வண்டியும் மண் நிறம், மஸ்கட் சாலையே மண் நிறமாக இருந்தது. ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே ஸாஹிரை நாற்காலியில் இறக்கி மைக்கைக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்த தாள் அவன் மடியில் இருந்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. வாசலில் நின்ற விற்பனைக்காரனைக் கூப்பிட்டு, "உள்ள நிக்குற அந்தப் புது வண்டியோட கதவைக் கொஞ்சம் திறங்க" என்றான். மைக்கில் எல்லாருக்கும் கேட்டது.

விளையாடுகிறான் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். பிறகு சுவைத்தைக் கூப்பிட்டான். "என்னைத் தூக்கி உள்ள வை." சுவைத் என்னைப் பார்த்தான். அவனும் மர்ஹூனும் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் வைத்தார்கள். கதவு அகலம். தலை இடிக்கவில்லை.

"கிளட்ச் இல்லல்ல?" என்று கேட்டான்.

"இல்லைங்க."

"பிரேக்கும் ஆக்சிலேட்டரும் கையால அழுத்துற மாதிரி மாத்திக் குடுப்பீங்களா?"

"ஒரு மாசம் ஆகும். செய்யலாம்."

"அப்போ என் பேரை எழுதிக்கங்க."

மைக் அவன் மடியிலேயே கிடந்தது, யாரும் அணைக்கவில்லை. ஹாரன் அடிக்கும் நேரம் வந்தது. ஒருவனும் அடிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வண்டிகள் கிளம்பிப் போய்விட்டன. பத்திரிகைக்காரன் ஒருவன் என்னிடம் வந்து, "தலைவரே, இது உங்க ஏற்பாடா?" என்று கேட்டான்.

திரும்பி வரும்போது இப்ராவைத் தாண்டினோம். அப்புறம் அவன், வெளியே பார்த்துக்கொண்டே, சொன்னான்:

"அன்னிக்கு நான் ஓட்டலைன்னு நீயே ஒரு நாள் சொல்லுவேன்னு பாத்துட்டே இருந்தேண்ணே. ஊருக்குச் சொல்ல வேணாம். என்கிட்ட தனியா சொல்லியிருந்தாக்கூடப் போதும்."

"இப்ப சொல்லி என்னடா பிரயோஜனம்?" என்றேன்.

"பிரயோஜனம் ஒண்ணும் இல்ல. கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

அப்போதும் நான் சொல்லவில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

உன் கடிதத்தை அவன் பார்த்திருக்க மாட்டான். அடுப்பில் அது எரிந்து போனதை என் கண்ணால் பார்த்தேன். அவனாகவே செய்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ தூண்டிவிட்டாய் என்று இருந்திருந்தால் உன்னை வெறுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

முந்தாநாள் வண்டி வந்தது. எங்கள் அக்கா ஷம்ஸா இப்ராவிலிருந்து வந்து அவன் துணிமணியைக் கட்டினாள். இனி அவளோடு இருப்பானாம். அவள் வீட்டுக்குச் சாய்வுப் பாதை கட்டிவிட்டார்களாம். அதைக்கூட எனக்குத் தெரியாமல் கட்டியிருக்கிறார்கள். ஸாஹிர் தானே ஓட்டிக்கொண்டு போனான். கடை வாசலில் எல்லாரும் நின்றார்கள். மாமியார் என்று சொன்ன அதே சுவைத் நடுரோட்டில் இறங்கி மற்ற வண்டிகளை நிறுத்தி அவனுக்கு வழி விட்டான். என் பக்கம் வரும்போது அவன் திரும்பிப் பார்த்தானா என்று தெரியவில்லை. நீ வரைந்த தூண் மறைத்துவிட்டது.

மன்றம் இருக்கிறது. நான் தலைவன் இல்லை. யாரும் போகச் சொல்லவில்லை, நானும் போகிறேன் என்று சொல்லவில்லை. மூன்று வெள்ளிக்கிழமையாகக் கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை.

கடையில் யாராவது கேட்டால் இன்றைக்கும் ஸாஹிர்தான் ஓட்டினான் என்றுதான் சொல்வேன். நாளைக்கும் அப்படித்தான். இந்த வயதில் இந்த ஊரில் நான் வேறொருவனாக இருக்க முடியாது. சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள், கூட்டிக்கொண்டு போகிறேன். உச்சியில் மட்டும் குறுக்கே திருப்புவதில்லை.

உனக்கு மட்டும் எழுதுகிறேன்: நான்தான் ஓட்டினேன். ஏற்கெனவே தெரிந்தவனிடம் சொல்வது சொன்னதாகாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உன்னிடம் சொல்ல முடிகிறது.

இதைப் போட்டுவிட்டு என் தபால் பெட்டியின் சாவியைத் தபால் நிலையத்தில் ஒப்படைக்கப் போகிறேன். பதில் எழுதாதே. எழுதினால் உனக்கே திரும்பி வரும்.

அஸ்ஸான்