மதினி உட்கார்ந்த வகுப்பு

அன்புள்ள மதினி,

நெருளில் புது வீடு பழகிவிட்டதா? ஓவியத் தேர்வில் தேறிவிட்டேன். உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

ஊரடங்கில் கல்லூரி கைபேசிக்குள் வந்தபோது, ஆளைப் பார்த்து வரையும் வகுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை. புகைப்படத்தைப் பார்த்து வரைந்ததை ஆசிரியர் திருப்பித் திருப்பி வேண்டாம் என்றார். படிப்பையே விடுகிறேன் என்று அழுதேன். நீங்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தீர்கள்.

"ஏட்டி, அழுதது போதும். என்னய வரை. அழகாக்காத, இருக்கபடி வரை."

அப்படியே வரைந்தேன், அண்ணன் கை பதிந்த இடது கன்னத்து வீக்கத்தையும் சேர்த்து. அரிசி டப்பாவில் சாய்த்த கைபேசியில் அதைப் பார்த்த ஆசிரியர் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார். பிறகு, "இதுதான் படம்" என்றார். வகுப்பு முடிந்த பின்னும் நீங்கள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ரயில் மறுபடி ஓடத் தொடங்கியதும் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

கண்காட்சிக்கு அந்தப் படத்தைக் கேட்கிறார்கள். உங்களைக் கேட்காமல் தரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் உங்கள் முகவரியைக் கேட்டால் எனக்குத் தெரியாது என்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அண்ணனிடம் கிங்ஸ் சர்க்கிள் கடைத்தெருவுக்குப் போவதாகச் சொல்வேன். உங்களோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும், மதினி.

உங்களால் படிப்பை விடாத,
நாத்தனார்