கியோட்டோவில் நீ குடித்த ரசம்

நேற்றுச் சாயங்காலம் தெருக்கோடியில் இருக்கும், நீ தங்கச்சி என்று கூப்பிடும் யாழ்ப்பாணத்துப் பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் கொடுத்தனுப்பிய பாத்திரம் இரண்டு வாரமாக நம் வீட்டிலேயே கிடந்தது. நீ இருந்தால் வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று நாலு முறுக்காவது போட்டு அனுப்பியிருப்பாய். நான் கழுவிக் கொண்டுபோனேன், அவ்வளவுதான். மொன்றியலை ஒட்டிய நம் ரொக்ஸ்பரோவில் பனி இன்னும் முழுக்கப் போகவில்லை. வாசலில் குனிந்து பூட்ஸைக் கழற்றி நிமிர்வதற்குள் அந்த வாசனை வந்துவிட்டது.

"குறை நினையாதேங்கோ அண்ணை," என்றாள் அவள், உரலில் எதையோ இடித்துக்கொண்டே. "கொழும்பிலையிருந்து பார்சல் வந்தது. மாசி. சம்பலுக்கு இடிக்கிறன். நீங்கள் சைவம் எல்லோ, மணம் பிடியாது. யன்னலைத் திறந்து விடுறன்."

மாசி என்பது மீனைக் காயவைத்து மரக்கட்டை போல இறுக்கியது. பக்கத்தில் நின்றாலே எனக்குக் குமட்டியிருக்க வேண்டும். குமட்டவில்லை. கால் அப்படியே நின்றுவிட்டது. "என்ன அண்ணை, ஒரு மாதிரி நிக்கிறியள்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லையம்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த வாசனையை எட்டு வருஷத்துக்கு முன்னால் உன் பக்கத்தில் உட்கார்ந்து முகர்ந்திருக்கிறேன். அதைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ இருக்கும்போதே சொல்லியிருக்கலாம், தைரியம் இல்லை. நீ இல்லை என்ற தைரியத்தில் இப்போது எழுதுகிறேன்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஏப்ரல் மாதம். நான் வேலை பார்க்கும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ கல்லூரியிலிருந்து என்னை ஜப்பானில் கியோட்டோவுக்கு ஒரு கருத்தரங்குக்கு அனுப்பினார்கள். மகளை இதே தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு நீயும் கிளம்பினாய். கருத்தரங்கு முடிந்த மறுநாள் ஊரைச் சுற்றி ஒரு நடை ஏற்பாடு செய்திருந்தார்கள்: கோயில் ஓவியங்கள், கற்தோட்டம், கால்வாயோரத்துச் செர்ரி மரங்கள், கடைசியில் பாசித் தோட்டம். மழை என்று மற்றவர்கள் ஓட்டலிலேயே இருந்துவிட்டார்கள். நாம் இரண்டு பேரும், ஓவியக் கல்லூரியில் படிக்கும் ஒரு வழிகாட்டிப் பெண்ணும் மட்டும் நடந்தோம்.

முதல் கோயிலில் தங்கத் தகடு ஒட்டிய கதவுகளில் புலிகளை வரைந்திருந்தார்கள். அந்தக் காலத்து ஓவியர்கள் புலியைப் பார்த்ததே இல்லை, தோலை மட்டும் பார்த்து வரைந்தார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். நீ முகத்தை மாற்றாமல் என் காதில், "அதான் எல்லாம் பால் குடிக்க வந்த மாதிரி உக்காந்திருக்கு" என்றாய். கற்தோட்டத்தில் சரளைக் கல்லில் வாரி வைத்த கோடுகளைப் பார்த்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய். "இவ்வளவு பெரிய கோலத்தைப் போட்டுட்டு ஒரு பயலும் மிதிக்காம வச்சிருக்காங்களே" என்று உனக்கு ஆச்சரியம். கடைசியில் பாசித் தோட்டம் என்றதும்தான் கேலி. "பாத்ரூம்ல பாசி பிடிச்சா நாம தேய்ச்சுக் கழுவுறோம். இந்த ஊர்ல டிக்கெட் போட்டுக் காட்டுறாங்க. அதுக்கு ஒருத்தர் மொன்றியல்லேருந்து வேற வர்றாரு."

நான் உண்மையில் அதற்குத்தான் வந்திருந்தேன். ஈர மண்ணையும் பாசியையும் படிக்கிறவனுக்கு அது காசி. ஆனால் நீ மூன்று நாளாக வாழைப்பழத்திலும் ரொட்டியிலும் ஓடிக்கொண்டிருந்தாய். முட்டை போட்ட கேக்கைக்கூட மோந்து பார்த்துத் தள்ளி வைக்கிறவள் நீ. மொன்றியலில் மீன் கடை இருக்கிற பக்கம் வரக் கூடாதென்று மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, பனியில் திரும்பி நடந்து வருவாய். கால்வாயோரம் வந்தபோது செர்ரிப் பூ எல்லாம் மழையில் உதிர்ந்து தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்கக் குனிந்தவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாய். உதடு வெளுத்திருந்தது. "கொஞ்சம் கிறுகிறுன்னு வருது, வேற ஒண்ணுமில்ல" என்றாய்.

அந்தப் பெண் பதறிப்போய்ப் பக்கத்தில் ஒரு சின்னக் கடைக்கு நம்மைக் கூட்டிப் போனாள். தடித்த சேமியா மாதிரி ஒன்றைத் தெளிந்த சூட்டு நீரில் போட்டு, மேலே வெங்காயத்தாள் தூவிக் கொடுத்தார்கள். மீன் உண்டா, மாமிசம் உண்டா என்று நான் கேட்டேன். இல்லை, இல்லை என்றாள். இன்னொரு தடவை கேட்டேன். அவள் யோசித்து, மரியாதையாகச் சொன்னாள்: "மீன் இல்லை. தண்ணீர் மட்டும் மீனிலிருந்து. கடல்பாசியிலிருந்தும்."

நீ நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாய். "என்ன சொல்றா?" என்றாய்.

"கடல்பாசித் தண்ணியாம்," என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் ஒரு மீனை ஒரு சொல்லில் மறைத்தேன். உன் உதடு வெளுத்திருந்ததைப் பார்த்துத்தான் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். மீதிப் பாதி, நீ சாப்பிடாவிட்டால் ஓட்டலுக்குத் திரும்ப வேண்டும், பாசித் தோட்டம் போய்விடும் என்ற நினைப்பு. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீ கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தாய். முகத்தில் இரத்தம் திரும்பி வந்தது. "நம்ம ரசம் தோத்துது போங்க" என்றாய். அப்புறம் பாசித் தோட்டத்தில் என்னைவிட நீதான் அதிகம் நடந்தாய். நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அந்த ரசம் உன் வாயில் புராணமாகிவிட்டது. பொங்கலுக்கு யார் வந்தாலும் சொல்வாய்: "மீன் திங்கற ஊரு. ஆனா மீனே படாம, வெறும் கடல்பாசியில எப்படி ஒரு ருசி கொண்டு வராங்க தெரியுமா? மனசு இருந்தா எங்கயும் சைவமா இருக்கலாம்." எல்லோரும் தலையாட்டுவார்கள். நான் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விடுவேன்.

அப்புறம் உன் வயிற்றில் அந்த நோய் வந்தது. போன வருஷம் மாசி, பங்குனி மாதம் முழுக்க உனக்கு எதுவும் இறங்கவில்லை. கஞ்சி இரும்பாகக் கசக்கிறது என்றாய். ஒரு நாள் மத்தியானம், கண்ணை மூடிக்கொண்டே, "கியோட்டோ ரசம் கொஞ்சம் கிடைச்சா குடிப்பேங்க" என்றாய். மாதக்கணக்கில் நீயாக வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

நகரத்துக்குள் ஒரு ஜப்பானியக் கடையைத் தேடிப் பிடித்தேன். கடல்பாசி கேட்டேன். கடைக்காரர் அதை எடுத்து வைத்துவிட்டு, மரம் இழைத்த சுருள் போல இருந்த காய்ந்த மீன் சீவல் பொட்டலம் ஒன்றையும் பக்கத்தில் தள்ளினார். இரண்டும் வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் என்று விரலால் காட்டினார். வாங்கிக்கொண்டேன். வீட்டில் இரண்டையும் அடுப்புப் பக்கத்தில் வைத்துத் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசி நாட்களில் உன் ஆசாரத்தைக் கெடுக்கக் கூடாது என்று தோன்றியது. எழுபத்தொன்றில் தோன்றாதது. கடல்பாசியை மட்டும் போட்டேன்.

நீ ஒரு ஸ்பூன் வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தாய். "இது அது இல்லீங்க" என்றாய்.

"இந்த ஊர்த் தண்ணி வேற," என்றேன்.

என் முகத்தைப் பார்த்து இன்னும் இரண்டு ஸ்பூன் குடித்தாய். "பாவம், இதுக்காக ஐஸ்ல அலைஞ்சிருக்கீங்க" என்றாய். அதற்கப்புறம் பத்து நாள் இருந்தாய். அந்த மீன் பொட்டலத்தைப் பிரிக்காமலே குப்பையில் போட்டேன்.

உண்மையைச் சொல்லி, "இப்போது போடட்டுமா, வேண்டாமா" என்று உன்னைக் கேட்டிருக்க வேண்டும். நீ திட்டியிருக்கலாம், பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். போட்டுக் கொடுங்கள் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். எதைச் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியாது. கொடுத்தபோதும் உன்னைக் கேட்கவில்லை, மறுத்தபோதும் கேட்கவில்லை. பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம்.

நாளை உனக்குத் திதி. இன்று காலை மகள் சமையலறை மேசையில் உட்கார்ந்து, இலையில் உனக்குப் படைக்க வேண்டியதை எழுதிக்கொண்டிருந்தாள். போனவர்களுக்குப் பிடித்ததைத்தானே படைக்க வேண்டும். சேப்பங்கிழங்கு வறுவல், மோர்க்குழம்பு, உளுந்து வடை, பால் பாயசம். பாதி தமிழிலும் பாதி பிரெஞ்சிலும் எழுதியிருந்தாள்.

"அப்பா, வேற என்னப்பா? அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சது ஏதாவது விட்டுப்போச்சா?"

பேனாவை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"அவ்வளவுதாம்மா," என்றேன். அவள் அடியில் ஒரு கோடு போட்டுத் தாளை மடித்து வைத்தாள்.