இடது கைக்கு ஒரு கத்திரி

அக்கா,

எழுத்து ஏறியும் இறங்கியும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதுக்கு மேல் எழுதப் படிக்கக் கற்றவன். ஒரு பக்கம் முடிக்க ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

போன வாரம் தெப்பக்குளத்துப் பக்கம் சாணைக்கல் வாங்கப் போனேன். இப்போதெல்லாம் பஸ் போர்டு, பிஸ்கட் உறை எதையும் வாசிக்காமல் விடுவதில்லை. கடையில் தொங்கிய ஒரு தையல் கத்திரியின் கீழே, சீட்டில் 'இடது கைக்கு' என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்தேன். உங்கள் நினைவு வந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

நாற்பது வருஷம் கத்திரிகளுக்குச் சாணை பிடித்தவன் நான். தகரம் வெட்டுவதற்கு வாய் குட்டை, கைப்பிடி நீளம், அழுத்தம் வேண்டுமே. முடி வெட்டுவதற்கு மெல்லிய வாய், சுண்டு விரலை வைக்க ஒரு கொக்கி. உங்கள் துணிக் கத்திரிக்குக் கைப்பிடி மேலே வளைந்திருக்கும், அலகு மேசையோடு படிந்து ஓடுவதற்காக. இவ்வளவும் தெரிந்த எனக்கு, எந்தக் கைக்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

ஸ்ரீரங்கத்தில் உங்கள் தையல் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினால் முதலில் நீங்கள்தான் வருவீர்கள்.

"தம்பி, துணி வாய்க்குள்ள மடிஞ்சு மாட்டிக்குது. நல்லா புடிச்சு விடுங்க."

மறு மாதமும் அதே பேச்சு. ஒருநாள் துணி கொடுக்க வந்தவர்கள் முன்னால், "என் சாணையில குறை இல்லக்கா. உங்க கைதான் கோணல்" என்றேன்.

நீங்களும் சிரித்தீர்கள். "அந்தக் கோணக் கையாலதான் டீ குடுக்குறேன், குடிங்க" என்றீர்கள். ஆனால் அதன் பிறகு நான் இருக்கும்போது நீங்கள் துணி வெட்டியதே இல்லை.

கடையிலேயே இரண்டு வகையையும் திறந்து மூடிப் பார்த்தேன். இடது கைக் கத்திரியில் அலகுகள் இடம் மாறி இருக்கின்றன. இடது கையால் மூடினால் அவை ஒன்றையொன்று நெருக்கும். உங்களுடையது வலது கைக் கத்திரி, அதில் விலகத்தான் செய்யும். எவ்வளவு கூர் வைத்தாலும் துணி மடியத்தான் மடியும்.

வாங்கிக்கொண்டு நேரே உங்கள் மகளிடம் போனேன். அவளுக்கும் இடது கைதானே. நீங்கள் ஊர் மாறிப் போன பிறகு கடையை அவள்தான் நடத்துகிறாள், வெட்டுவதற்கு மட்டும் வேறு ஆள்.

"எனக்கு வெட்ட வராது மாமா. அம்மா கை."

"சும்மா வெட்டிப் பாரும்மா."

லைனிங் துணியில் கோடு போட்டு வெட்டினாள். பாதியில் நிறுத்தினாள். "மாமா, கோடு கண்ணுக்குத் தெரியுது, அலகு மறைக்கல" என்றாள். கடைசி வரை நேராக வந்தது.

உங்கள் கை கோணல் இல்லை, அக்கா. அன்று வாசலில் நாலு பேர் கேட்கச் சொன்னதை இன்று எழுத்தில் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இதை எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

திங்கட்கிழமை ஒரு ரவிக்கைத் துணியில் கத்திரி வைக்கப் போகிறாளாம். எப்படி வந்தது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் என் எழுத்தும் கொஞ்சம் நேராகியிருக்கும்.