விஞ்ஞான சேரின் பெட்டி

புதன்கிழமை, இரவு

பின்னேரப் படகுக்கு விஞ்ஞான சேர் பெரிய பெட்டியோடு வந்தார். வழக்கம்போல நக்கலடித்தேன்.

"என்ன சேர், பொம்பிளை பாக்கவோ?"

இறங்குதுறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"இடமாற்றம் வந்திட்டுது அக்கா. இனி வரமாட்டன்."

"அப்ப எங்கட பிள்ளையளுக்கு ஆர்?"

"இன்னும் ஒருத்தரையும் போடேல்லை."

பள்ளிக்கூடத்துக்குப் புது மதில் கட்டித் தந்தார்கள். மதில் விஞ்ஞானம் படிப்பிக்குமா? மகள் நேர்ஸ் ஆகவேண்டும் என்று நிற்கிறாள். பட்டணத்தில் அவளைத் தங்கவிட்டுப் படிப்பிக்க எனக்குச் சொந்தம் ஒருவரும் இல்லை. மாடுகளை விட்டு நானும் போக ஏலாது.

நான் வீட்டுக்கு வந்தபோது மகள் சேர் கொடுத்த கேள்விகளுக்கு விடை எழுதிக்கொண்டிருந்தாள்.

"சத்தம் போடாதேங்கோ அம்மா. நாளைக்கு சேர் திருத்துவார்."

கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தேன். இன்னும் எழுதுகிறாள்.