வரப்புக் கொழிஞ்சியும் அசுவினியும்

அண்ணாமலையார் துணை

கீழ்பென்னாத்தூர்
28-8-81

அன்பு மகன் சக்கரபாணிக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடு கன்றும் நல்லபடி இருக்கிறோம், அங்கே பிலாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நல்லபடி என்று எழுதிவிட்டேனே தவிர, ஒரு வாரமாக வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை.

மல்லாட்டைக் கடலை நன்றாகத்தான் பூ எடுத்தது, மழை கம்மியானதும் கொழுந்தெல்லாம் சுருண்டு கறுப்பாகப் பொடிப்பூச்சி அப்பிக்கொண்டது. விவசாய ஆபீசர் பார்த்துவிட்டு, இது அசுவினி, வெளியிலேருந்து வந்து குடியேறி சாறெல்லாம் உறிஞ்சிடும்னு சொன்னார். புல் அறுத்துக்கொண்டிருந்த உன் அம்மா காதில் அது எப்படி விழுந்ததோ, அரிவாளைப் போட்டுவிட்டு வந்து, உனக்குப் பார்த்த செங்கம் ரோட்டுப் பெண் வேதா நமக்கு வேணாம் என்கிறாள். அந்தப் பெண் அசுவினி நட்சத்திரமாம். ஜாதகம் கொடுத்ததுமே கொல்லைக்கு வந்துட்டா, தாலி ஏறினா வீட்டையே உறிஞ்சிடுவான்னு ஒரே அழுகை. அது பூச்சியின் பேரடி என்றேன். பூச்சிக்கு எதுக்கு நட்சத்திரத்துப் பேரை வச்சாங்கன்னு கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. நீயோ பெண்ணைப் பிடித்துவிட்டது என்று எழுதிவிட்டாய், நிச்சயத்துக்கும் நாள் குறித்தாயிற்று, நான் யார் பக்கம் நிற்பது?

இந்தப் பூச்சி எங்கிருந்துதான் வருகிறது என்று கேட்க மறுபடி ஆபீசரிடம் ஓடினேன். பயிர் இல்லாத காலத்தில் அது வரப்புக் காட்டுச் செடியில் தங்கி, பயிர் துளிர்த்ததும் றெக்கை முளைத்து இறங்குமாம். உன் அம்மாவை வரப்புக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். எருக்கில் இருந்ததோ மஞ்சள் பூச்சி. பாத்தீங்களா, இது வேற அது வேறன்னு அவள் ஜெயித்துவிட்டாள், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கொஞ்சம் தள்ளி கொழிஞ்சியைப் புரட்டினால் அதே கறுப்பு. நெல்லுக்குத் தழையுரம் ஆகட்டும் என்று நீ ஊருக்குப் போகுமுன் விதை தூவினாயே, அந்தக் கொழிஞ்சிதான், இப்போது காடாக மண்டிக் கிடக்கிறது. பிடுங்கு என்றேன். குனிந்தவள் பிடுங்கவில்லை. புள்ள போட்டது, பாவம், அதுக்கு என்ன தெரியும்னு முந்தானையால் பூச்சியைத் துடைக்கிறாள்! அந்தப் பெண்ணுக்கு மட்டும் என்ன தெரியும் என்றேன். அடுத்த செடிக்கு நகர்ந்துவிட்டாள்.

நாளைக்கு நானே பிடுங்கிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இதை எழுத உட்கார்ந்தபோது, கொழிஞ்சியைப் பத்தி எழுதாதீங்க, அவன் மனசு கஷ்டப்படும் என்றாள். பெண் வேண்டாம் என்று எழுதினால் கஷ்டப்படாதா என்றேன். உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் கழித்து வந்து, ரெண்டையும் எழுதாதீங்க, நிச்சயத்துக்குப் புறப்பட்டு வரச்சொல்லி மட்டும் எழுதுங்க என்றாள்.

ஆகையால் அதை எழுதுகிறேன். லீவு சொல்லிவிட்டு ஆவணிக் கடைசி வெள்ளிக்குள் வந்து சேர். சகல சௌபாக்கியமும் பெற்று நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
அப்பாசாமி