படிகார ஈரம்

4 அக்டோபர் 2024, வெள்ளி

காலை ஆறரைக்குக் காற்றின் ஈரப்பதம் எழுபத்தெட்டு. மழை இன்னும் முறையாகத் தொடங்கவில்லை, சவரக்கத்திகளுக்குத் தொடங்கிவிட்டது. இன்று முதல் சவரம் முடிந்ததும் வெந்நீரில் அலசி, பருத்தித் துணியால் ஒற்றி, கால்மணி நேரம் விரித்து வைத்த பின்பே தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. ஈரத்தோடு மடிப்பதற்கு எக்காரணம் கொண்டும் அனுமதி இல்லை. பெட்டியில் ஈரம் உறிஞ்சப் போட்டிருந்த நீல உருண்டைகள் வெளிறியிருந்ததால் வாணலியில் வறுத்தெடுத்தேன். என் மனைவி ஜெபிதா, "கடுகுன்னு நெனச்சுத் தாளிச்சிரப் போறேன்" என்றாள். தனி வாணலி வாங்க வேண்டும்.

மாமாவின் சவரத்திற்கு இருபத்திரண்டு நிமிடம். ஒரு கீறல் இல்லை. "ரொம்ப நன்றி சார்" என்றார். என் வேதியியல் மாணவர்கள் அழைப்பதைப் போலவே என் மாமனாரும் என்னை அழைக்கிறார். இருபத்திரண்டு ஆண்டுகளாக.

6 அக்டோபர், ஞாயிறு

சாம்சுந்தர் ராயகிரியிலிருந்து வந்து போனான். என் சகலன், ஜெபிதாவின் தங்கை ரூபியாவின் கணவன், மோட்டார் பம்புகளைப் பழுது பார்ப்பவன். பக்கவாதத்தில் மாமாவின் வலக்கை செயலிழந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. திங்கள் முதல் சனி வரை சவரம் என் பொறுப்பு, ஞாயிறு அவனுடையது. மாமா நாற்பது ஆண்டுகள் கையாண்ட ஜெர்மன் கத்தியை அவனுக்குத்தான் கொடுத்தார். என்னிடம் ஏற்கெனவே மூன்று இருக்கின்றனவாம். நியாயமான காரணம். நியாயமான காரணம் என்று இரண்டு ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்று கேட்டது:

"ஏலே சாம், பைய இழுலே. தோலு உரிஞ்சிரும்."

"உரியதுக்கு அங்கன என்னவே இருக்கு? வெறும் எலும்பு."

மாமனாரிடம் 'வே'! மாமா சிரித்தார், நுரை வாய்க்குள் போய் இருமினார், மறுபடி சிரித்தார். சாம் கத்தியைக் கைலியில் துடைத்தான். கைலியில்.

அவன் போன பிறகு ஜெபிதாவிடம் கேட்டேன் – என் சவரத்தில் என்ன குறை? "குறையே இல்ல. நீங்க கத்தி எடுத்தாலே பரீச்சைக்கு ஒக்காந்த மாதிரி இருக்குன்னு அப்பா சொல்லுதாங்க."

9 அக்டோபர், புதன்

சவரத்தின்போது மாமாவிடம் ஒரு வேடிக்கை சொன்னேன். "அப்படிங்களா சார்" என்றார்.

13 அக்டோபர், ஞாயிறு

மழை. சாம் சவரம் முடித்து, மாமாவின் கன்னத்தில் படிகாரம் தேய்த்து, அந்த ஈரக்கையோடே கத்தியை மடித்துக் குளியலறை ஜன்னலில் வைத்தான். "அண்ணாச்சி, மழையில இதச் சொமந்துக்கிட்டு அலையணும். இங்கனயே கெடக்கட்டும். ஒங்கள மாதிரிப் பாத்துக்கிட எனக்கு வராது."

படிகார நீர் அமிலத்தன்மை உடையது. இதைப் பிளஸ் ஒன் மாணவனும் சொல்வான். எஃகில் ஓர் இரவு போதும்.

விரித்துத் துடைக்கவில்லை. நாளை பார்க்கலாம்.

14 அக்டோபர், திங்கள்

பார்க்கவில்லை. அது என் கத்தி அல்ல.

17 அக்டோபர், வியாழன்

விரித்தேன். விளிம்பில் மூன்று இடங்களில் செம்புள்ளிகள். இரண்டாவது புள்ளியில் நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. சாணைக்கல்லில் தீட்டி எண்ணெய் இட்டால் அரைமணி நேர வேலை.

மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

பொருளுக்கு உரியவனே அதற்குப் பொறுப்பு என்பது விதி. எந்த விதி? எங்கே எழுதியிருக்கிறது? அவன்தான் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனானே.

எனக்கு வேண்டியது இவ்வளவே: "சாமுக்கு ஒண்ணும் தெரியல" என்று மாமா ஒருமுறை சொல்ல வேண்டும். ஒரே ஒருமுறை.

20 அக்டோபர், ஞாயிறு

தாடைக்குக் கீழே வெட்டிவிட்டது. படிகாரம் வைத்தும் ரத்தம் நிற்கவில்லை. துண்டு முழுதும் நனைந்து, இரண்டாவது துண்டும் நனைந்து – ஆட்டோவில் மருத்துவமனை. மூன்று தையல். மாமா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த மாத்திரையைத் தினமும் எடுத்துக் கொடுப்பவன் நான்.

சாம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதான். "துரு இருக்கதப் பாக்காம வச்சி இழுத்துட்டேன் அண்ணாச்சி. இந்தக் கைய வெட்டிப் போடணும்." ஜெபிதா எல்லாரும் கேட்க ஏசினாள்: "ஒனக்கு என்னைக்குத்தான் கவனம் இருந்திருக்கு?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயத் தொறக்கல. ஒரு வார்த்த சொல்லல. என்ன மனுசன்லே நீ.

27 அக்டோபர், ஞாயிறு

சாம் வரவில்லை. காயத்தை விட்டுச் சுற்றிலும் நானே சவரம் செய்தேன். முதன்முறையாக ஏழு நாளும் என்னுடையவை. மாமா வாசல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்ததால் தாடையைப் பிடித்து நேராக்க வேண்டியிருந்தது. நான்கு முறை.

"சாம் பயந்துட்டான் சார். ஒரு போன் போட்டு, எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிருங்க."

வெட்டியவன் அவன், அவனுக்குத்தான் ஆறுதல். கழுத்தில் தையலோடும் அவனையே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

3 நவம்பர், ஞாயிறு

போன் செய்தேன். "வேண்டாம் அண்ணாச்சி. இனிமே கத்தியத் தொட மாட்டேன்."

மாமா மதியம் சாப்பிடவில்லை.

9 நவம்பர், சனி

ராயகிரிக்குப் பேருந்தில் போனேன். சாம் கடை வாசலில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ சொல்லி அனுப்பினான். டீ வருமுன் சொல்லிவிட்டேன் – துருவை முந்திய வியாழனன்றே பார்த்தும் அப்படியே விட்டதை.

"வெளையாடாதீங்க அண்ணாச்சி."

விளையாடவில்லை என்றேன்.

"தெரிஞ்சேவா?"

"தெரிந்தேதான்."

மண்ணெண்ணெயில் கை கழுவினான். வெகுநேரம் கழுவினான். "ஒங்கள நம்பில்லா வச்சிட்டுப் போனேன்." டீ வந்தது, இருவரும் குடிக்கவில்லை. பிறகு, "மாமாவுக்காவ அடுத்த வாரத்துலேருந்து வாரேன். ஆனா நான் வரும்போது நீரு அங்கன இருக்கக் கூடாது. பன்னெண்டு மணி வரைக்கும் தல காட்டக் கூடாது வே" என்றான்.

சரி என்றேன்.

10 நவம்பர், ஞாயிறு

ஜெர்மன் கத்தியைத் தீட்டி முடித்தேன். அரைமணி அல்ல, ஐம்பது நிமிடம். எண்ணெய் இட்டு ஜெபிதாவிடம் கொடுத்து, எல்லாவற்றையும் அவளிடமும் சொன்னேன். பாத்திரம் கழுவுவதை அவள் நிறுத்தவில்லை. கடைசியில், "அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. அவங்க தாங்க மாட்டாங்க" என்றாள்.

17 நவம்பர், ஞாயிறு

கரிவலம்வந்தநல்லூருக்குப் போய் அங்குள்ள ஆலயத்தில் ஆராதனையில் உட்கார்ந்தேன். போதகர் ஊருக்குப் புதிதா என்று கேட்டார், ஆம் என்றேன். திரும்பும் பேருந்து எதிர்பார்த்ததைவிட விரைவாக வந்துவிட்டது.

எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது வாசலில் சாமின் பைக் நின்றது. உள்ளே மாமா சிரிக்கும் சத்தம், இருமல், மறுபடி சிரிப்பு. என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பது தெருமுனைக்குக் கேட்கவில்லை. நான்கு வீடு முன்னே போயிருந்தால் கேட்டிருக்கும்.

பன்னிரண்டுக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. எதிர்ச்சுவர் நிழலில் நின்றேன்.