இடுப்பு உயரத்து முத்திரை

ஹவஷ்பதக்,
பிப்ரவரி 19.

என் அருமை மகள் எமோகேவுக்கு அம்மா பொர்பாலா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். அங்கே கிராஸ் நகரத்தில் உன் உடம்பும் அந்த முதியோர் இல்லத்து வேலையும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று முறை படித்தேன். "அப்பாவை நாசமாக்கின திவதார் வீட்டுல போய்ச் சமையல் பண்றியே, உனக்கு வெக்கமா இல்லையாம்மா?" என்று கேட்டிருக்கிறாய். பதில் சொல்கிறேன். குளிரைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன், கோபம் எங்கும் ஓடிப்போகாது.

போன வாரம் மூன்று நாள் மைனஸ் இருபத்தெட்டு. சோடா மாதிரி நுரைத்து வரும் ஊற்றுக் குழாயில்கூடத் தாடி மாதிரி பனி தொங்குகிறது. நிலவறையில் உருளைக்கிழங்கு தப்பித்தது, கேரட் எல்லாம் கறுத்துவிட்டது. கரடி ஒன்று தூங்காமல் அலைந்து, பக்கத்து வீட்டு வென்செல் மாமாவின் தேன்பெட்டிகளை உடைத்துப் போட்டுவிட்டது. ஊரில் இளசுகள் யாரும் இல்லை. பாதிப் பேர் உன்னைப் போல ஆஸ்திரியாவில், மீதிப் பேர் ஜெர்மனியில். ஞாயிறு பூசையில் கூடப் பாட ஆளில்லாமல் பாதர் தனியாகக் கத்துகிறார்.

அப்பா அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாலு வருடமாக அதே நாற்காலி. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார். முப்பது வருடம் இந்த ஊர்ப் பொதுக்காட்டுக்குக் காவலராக இருந்த மனுஷன், இப்போது விறகு எடுக்கக்கூட வேலி தாண்டுவதில்லை. டெலிபோன் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் இதைக் கடிதமாக எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

ஆமாம், திவதாரின் விடுதியில்தான் சமைக்கிறேன். ஒன்றரை வருடம் ஆகிறது. அப்பா சம்பளம் நின்ற பிறகு ஊரில் வேறு வேலை கிடைக்கவில்லை, போனேன். புதாபெஸ்டிலிருந்து வருகிற சுற்றுலாக்காரர்கள் என் முட்டைக்கோஸ் சுருளைச் சாப்பிட்டு விரலைச் சப்புகிறார்கள். முதல் ஞாயிறே கோயில் வாசலில் வில்மா எல்லோர் காதிலும் விழும்படி, "புருஷன் திருட்டு மரத்துக்கு, பொண்டாட்டி திருட்டுச் சோத்துக்கா?" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். தினமும் திவதார், "பொர்பாலாக்கா, உங்க கையில என்னமோ இருக்கு" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிடுகிறான். நான் அவன் சூப்பில் ஒரு கல் உப்புகூட அதிகம் போட்டதில்லை. அவன் நன்றாகச் சாப்பிட வேண்டும், தெம்பாக நடமாட வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன். ஏப்ரல் கடைசி ஞாயிறு வரைக்கும்.

அது ஏன் என்று கேள்.

அப்பாவின் சுத்தியல் உனக்கு ஞாபகம் இருக்கும். அதை எடுத்துக் களிமண்ணில் அடித்து விளையாடி, என்னிடம் அடி வாங்கினவள்தானே நீ. வெட்டப்போகிற ஒவ்வொரு மரத்தின் வேரடியிலும் பட்டையைச் சீவி, அந்தச் சுத்தியலால் முத்திரை அடிப்பார். மரம் போன பிறகும் அடிக்கட்டையில் முத்திரை நிற்கும். பனிக்காலத்தில் அடிக்க வேண்டி வந்தால் மண்வெட்டியால் பனியைத் தோண்டி, வேரடி தெரிந்த பிறகுதான் அடிப்பார். "மொழங்காலுக்கு மேல முத்திரை இருந்தா அது என்னுது இல்ல" என்று பெருமையாகச் சொல்வார்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் குதிரை வழுக்கி விழுந்து அவர் கால் முறிந்தது. பிப்ரவரி வரை சீக்செரெதா ஆஸ்பத்திரியில் கிடந்தார். சுத்தியல் பொதுக்காட்டு அலுவலகத்து இரும்புப் பெட்டியில் இருந்தது. சாவி தலைவர் திவதாரிடம். வசந்தத்தில் பார்த்தால், மேல்காட்டில் பதினோரு பெரிய ஊசியிலை மரங்களைக் காணோம். அடிக்கட்டை பதினொன்றிலும் வேரடியில் அப்பாவின் முத்திரை. விசாரணைக்கு வந்தவர்கள் நம் ஹங்கேரிய மொழியில் இல்லாமல் ருமேனிய மொழியில் ஒரு காகிதம் நீட்டினார்கள். "ஒண்ணுமில்ல பாலிந்த், சுத்தியல் உங்களுதுதான்னு போட்டிருக்கு, அவ்வளவுதான்" என்று அப்பாவிடம் சொன்னான் திவதார். தனக்குப் புரியவில்லை என்று அந்தச் சீருடைக்காரர்கள் முன்னால் சொல்ல உன் அப்பாவுக்கு மானக்கேடு. கையெழுத்துப் போட்டார். "அக்டோபரிலேயே நான்தான் அனுமதியில்லாமல் அந்த மரங்களுக்கு முத்திரை அடித்தேன்" என்று அதில் எழுதியிருந்தது. மில்லுக்குப் போன மரத்தின் காசில் திவதார் விடுதி கட்டினான். நமக்குத் திருடன் பட்டம் வந்தது.

போன ஆகஸ்டில் சமையலறையை வெள்ளையடிக்க எல்லாவற்றையும் நகர்த்தினேன். இறைச்சி வெட்டுகிற கட்டை ஒன்று உண்டு. இடுப்பு உயரம், நல்ல அகலம், வெட்ட வசதியான கட்டை. ஒரு வருடமாக அதன்மேல்தான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்திருந்த பக்கத்தைத் திருப்பினேன். மேல்விளிம்புக்குக் கீழே, பட்டை சீவின இடத்தில், அப்பாவின் முத்திரை. எமோகே, ஈரத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

உனக்கு இதற்குமேல் விளக்க வேண்டுமா? மலைக்காரிதானே நீ. இடுப்பளவு பனியில் நின்றுகொண்டு, தோண்டச் சோம்பல்பட்டு, பனி மட்டத்துக்கு மேலேயே முத்திரை அடித்து, அங்கேயே வெட்டியிருக்கிறான். அக்டோபரில் ஏது பனி? ஜனவரியில் அப்பா கட்டிலில் கிடந்தார். பனி கரைந்ததும் அடிக்கட்டை ஒவ்வொன்றும் இடுப்பு உயரத்துக்கு நிற்கும், பார்க்கிறவன் எவனும் பனிக்காலத் திருட்டு என்று சொல்லிவிடுவான். அதனால் மறுபடி தரையோடு அறுத்து, வேரடியில் புதிதாக முத்திரை அடித்துவிட்டு, நடுத்துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறான். எரித்திருக்கலாம். ஆனால் நம் ஊர்க்காரன் எவனுக்கு நெருக்கமான வளையம் உள்ள நல்ல மரத்தை எரிக்கக் கை வரும்? பத்துத் துண்டில் முத்திரையைச் செதுக்கி எடுத்துவிட்டு, அறுத்துச் சுற்றுலாக்காரர்களுக்கு முக்காலி போட்டுவிட்டான். பதினோராவது மட்டும் எப்படியோ அப்படியே சமையலறைக்கு வந்துவிட்டது.

கட்டையைச் சாய்த்து, அதன் அடியில் கேக் சுடுகிற காகிதத்தை வைத்துக் கரியால் தேய்த்து வளையங்களைப் பிரதி எடுத்தேன். செப்டம்பரில் புளிப்புப் பழம் பறிக்கிற கூடையோடு மேல்காட்டுக்குப் போனேன். ஏழாவது அடிக்கட்டையில் பொருந்தியது. நடுவில் எறும்பு குடைந்த ஓட்டைகூட அதே இடத்தில்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு பொதுக்காட்டுக் கூட்டம். காட்டில் என் அப்பா விட்டுப்போன பங்கு என் பேரில் இருக்கிறது, பேச எனக்கு உரிமை உண்டு. முன்னாலேயே போலீஸுக்குப் போனால் கட்டை ஏதோ ஓர் அறைக்குள் போய்விடும், ஊர் பார்க்காது. ஊர் பார்க்க வேண்டும். எனக்கு ஒரே பயம்தான். சமையலறைக்கு ஸ்டீல் மேஜை வாங்கப்போவதாகத் திவதார் சொல்லிக்கொண்டிருக்கிறான். கட்டை அடுப்புக்குப் போனால் அப்பாவின் பேரும் அதோடு சேர்ந்து போய்விடும். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் "விட்டுடு" என்று சொல்லிவிடுவார். நான் விடமாட்டேன்.

வெட்கத்தைப் பற்றி எழுதினாயே, நீ ஊரை விட்டுப் போன அன்று காலையில் அப்பாவிடம் பேசியதை நான் மறக்கவில்லை. அதைப் பற்றி இப்போது எழுதப்போவதில்லை. கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா.


ஹவஷ்பதக்,
மே 4.

அன்புள்ள எமோகே,

முடிந்தது. உட்கார்ந்து படி.

ஈஸ்டருக்கு முந்தின புதன்கிழமை ஸ்டீல் மேஜை வந்தது. திவதார் சமையலறைக்குள் வந்து, "அக்கா, அந்தப் பழைய கட்டையப் பொளந்து அடுப்புல போட்டுடுங்க" என்றான். ஆட்டுக்கறியை ஸ்டீல் மேலா வெட்டுவார்கள், ஈஸ்டர் முடியட்டும், அப்புறம் என் வீட்டு அடுப்புக்கு எடுத்துப் போகிறேன் என்று சொன்னேன். "எடுத்துக்குங்க, பாவம், உங்களுக்குன்னு வெறகு வெட்டித் தர யாரு இருக்கா" என்றான். தர்மம் பண்ணுகிறானாம்! ஈஸ்டருக்கு அடுத்த புதன்கிழமை ஒரு சாக்கைப் போர்த்தி, வென்செல் மாமாவின் டிராக்டரில் ஏற்றி, அவர் கொட்டகையிலேயே வைத்தேன். மாமாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். நாலு நாள் அவர் வாயைத் திறக்கவில்லை, அவருக்கு அது பெரிய நோன்பு.

கூட்டத்துக்குக் கலாச்சார மன்றத்தில் நூற்றைம்பது பேர் வந்திருந்தார்கள். மேடையில் திவதார், புது உடுப்பு. நான் கை தூக்கினதும் பின்வரிசையில் சிரிப்பு. வென்செல் மாமா சாக்கோடு கட்டையை உருட்டிக்கொண்டு வந்து மேடைக்கு முன்னால் நிறுத்தினார்.

"தலைவரே, இது உங்க சமையலறைக் கட்டைதானே?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா, உங்களுக்கு வெறகுக்குக் குடுத்தேனே. பத்தலையா? இன்னொண்ணு வேணுமா?" என்றான். மன்றமே கொல்லென்று சிரித்தது. சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு சாக்கை உருவினேன்.

முன்வரிசைக்காரர்கள் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். முத்திரையைப் பார்த்தார்கள், அது நிற்கிற உயரத்தைப் பார்த்தார்கள். அத்தனை பேரும் கோடாரி பிடித்த கைகள், எவருக்கும் ஒரு வார்த்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. திவதார் மேடையிலிருந்து இறங்கி வந்தான். "அது எந்தக் காட்டு மரமோ, எந்த வருஷத்துதோ" என்றான்.

"மேல்காட்டுல ஏழாவது அடிக்கட்டை. வாங்க, வச்சுப் பாத்துடலாம். பொருந்தலேன்னா இத்தனை பேர் முன்னாடி உங்க கால்ல விழறேன்" என்றேன்.

எல்லோரும் கிளம்பினார்கள். பாதை முடிகிற இடம்வரை டிராக்டர் போனது. அதற்குமேல் ஏற்றம். இரண்டு பேர் கட்டையைத் தூக்க வந்தார்கள். நான் விடவில்லை. "தலைவர் தூக்கட்டும். மரம் அவருக்கு ஒண்ணும் கனக்காது, அவர் தூக்கினது பதினொண்ணு" என்றேன். மறுத்தால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அவனுக்கும் தெரியும். தூக்கினான். ஐந்து இடத்தில் இறக்கி வைத்தான். புது உடுப்பெல்லாம் சேறு. ஒருவரும் கை கொடுக்கவில்லை. பின்னாலேயே நடந்தேன். அந்த ஏற்றம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாமே என்று இருந்தது எனக்கு.

வென்செல் மாமா பாசியைத் துடைத்துவிட்டுக் கட்டையை வைத்துத் திருப்பினார். பானைக்கு மூடி மாதிரி உட்கார்ந்தது. எறும்போட்டைக்குள் ஒரு குச்சியை விட்டார். மேலிருந்து போய் கீழ்க்கட்டைக்குள் இறங்கியது. அங்கே இரண்டு முத்திரைகள்: ஒன்று வேரடியில், ஒன்று திவதாரின் இடுப்புக்கு நேராக. ஆண்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள், ஏதோ அடக்கத்துக்கு வந்த மாதிரி.

இப்போது போலீஸ் கட்டையை எடுத்துப் போயிருக்கிறது. விடுதி பூட்டிக் கிடக்கிறது. திவதாரின் மனைவி நம் கேட்டுக்கு வெளியே நின்று அழுதாள். திறக்கவில்லை. அன்று அப்பாவுக்காக நான் அவள் வாசலில் அழுதபோது அவள் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டாள், அந்தத் திரையின் பூகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. வில்மா தடியில் சுற்றிக் கரியில் சுட்ட கேக்கோடு வந்து, "மனசுல வச்சுக்காத பொர்பாலா" என்றாள். வாங்கிக்கொண்டேன். கோழிக்குப் போட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் பாதர், செய்ததற்கு வருத்தப்படுகிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப வருத்தம் வந்ததும் வா" என்றார். வரும்போது போகிறேன்.

கூட்டத்தன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார். "முத்திரை எவ்வளவு ஒசரம்?" என்றார். என் தொப்புளுக்கு என்றேன். "ஆமா, அந்த வருஷம் பனி அவ்வளவு இருந்துச்சு" என்று தலையாட்டினார். திவதாரை ஒரு வார்த்தை திட்டவில்லை. நாலு வருடம் நான் சேர்த்து வைத்த ஆத்திரத்தில் ஒரு கரண்டியாவது அவரும் வாங்கிக்கொள்ளக் கூடாதா? பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "எமோகேவுக்குச் சொல்லிட்டியா?"

மகளே, இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த அடுப்பு முன்னால் நின்று நீ சொன்னாய்: "எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிடுங்கப்பா. ஊரு மறந்துடும்." அவர் உன்னைப் பார்த்தார். அப்போது உட்கார்ந்தவர்தான். திவதார் அவர் வேலையைத்தான் பறித்தான். அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. நாலு வருடமாக எனக்கு எழுதுகிறாய், கடைசி வரியில் "அப்பாவுக்கும்" என்று போடுகிறாய்.

நேற்று அவர் வேலிவரை நடந்தார். சீருடைத் தொப்பியைத் தேடி எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறார். ஊரில் பெரும்பாலும் எல்லோரும் வந்து அவர் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு ஆள்தான் வரவில்லை. தினமும் நாலு மணி பஸ் வருகிற நேரத்துக்கு ஜன்னல் பக்கம் திரும்பி உட்காருகிறார். யாரை என்று நான் கேட்கவில்லை.

பெந்தெகொஸ்தே யாத்திரைக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். நீயும் வா. உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டு வைக்கிறேன். அவர் உன்னை ஒன்றும் கேட்கமாட்டார், அவர் குணம் அப்படி. நான் அப்படி இல்லை, அதுவும் உனக்குத் தெரியும். ஆனாலும் வா.

பதினைந்து மணி நேரப் பிரயாணம். கன்னி மரியாள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து அந்த நாலு மணி பஸ்ஸில் இறக்கிவிடட்டும்.

உன் அம்மா,
பொர்பாலா.